மூடி போட்ட ஓலைப்பெட்டியில் பரிசு: குமரியில் ஒரு செய்முறைப் பதிவு

கிறிஸ்துமஸ் நெருங்கினால் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் பேக்கரி வாசலெல்லாம் பரிசுக்கூடைகள் வரிசை கட்டும். பிரம்புக் கூடை, வளைந்த கைப்பிடி, உள்ளே பிளம் கேக், வெளியூர் சாக்லேட், ஆப்பிள், மேலே கண்ணாடித்தாள், சிவப்பு ரிப்பன். பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் கேக்கைத் தவிர உள்ளூரில் செய்தது, விளைந்தது என்று அதில் ஒன்றும் இருக்காது. தேனும் அண்டிப்பருப்பும் (முந்திரிப்பருப்பு) கிராம்பும் கருப்பட்டியும் இருக்கிற ஊரிலிருந்து கொண்டு எங்கோ அச்சான டப்பாவைப் பரிசு கொடுப்பானேன் என்று நானும் அண்ணியும் பேசிக்கொண்டே இருந்தோம். பேச்சு ஒருநாள் வேலையானது. தக்கலை பக்கம் எங்கள் வீட்டுப் பின்கட்டுதான் பட்டறை. இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று, நாங்கள் செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் உள்ளே என்ன வைப்பது. தேன், அண்டிப்பருப்பு, கிராம்பு, நல்லமிளகு, கருப்பட்டி, ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்), முந்திரிக்கொத்து (சிறுபயறு உருண்டைப் பலகாரம்), பிளம் கேக், மட்டிப்பழம் (எங்கள் ஊர்ச் சிறு வாழைப்பழம்) என்று ஒரு பட்டியல் எளிதாக வந்துவிட்டது. அதை அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் எத்தனை நாள் தாங்கும் என்று பக்கத்தில் எழுதினோம். வேலையின் உருவமே அந்த இரண்டாவது வரிசையிலிருந்துதான் வந்தது. தேனும் கிராம்பும் மாதக்கணக்கில் கிடக்கும். அண்டிப்பருப்பு காற்றுப் புகாமல் இருந்தால் சில மாதம். அண்ணி செய்யும் முந்திரிக்கொத்து, தேங்காயை நன்றாகச் சிவக்க வறுத்துச் சேர்த்தால் இரண்டு வாரம். வறுவல் குறைந்தால் அதற்கு முன்பே காறல் வாடை வந்துவிடும். மட்டிப்பழம் பழுத்த பிறகு இரண்டு மூன்று நாள்தான். ஒரு கூடையில் இவையெல்லாம் இருந்தால், அந்தக் கூடையின் ஆயுள் மூன்று நாள். வாங்குகிறவர் அதை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும், அவர் பண்டிகை முடிந்துதான் பிரிப்பார். ஆகவே மட்டிப்பழத்தை அன்றே வெளியே எடுத்தோம். புவிசார் குறியீடு வாங்கிய பழம், எங்கள் ஊர்ப் பெருமை எல்லாம் சரி, பெட்டிக்குள் பெருமை அழுகும்.

மீதி இருந்ததை இரண்டாகப் பிரித்தோம். தேன், கிராம்பு, மிளகு, பருப்பு, கருப்பட்டி எல்லாம் காய்ந்த பாதி. உப்பேரி, முந்திரிக்கொத்து, கேக் புதுப் பாதி. காய்ந்த பாதியை நவம்பரிலேயே பொட்டலம் கட்டி, லேபிள் ஒட்டி, பெட்டியில் அதனதன் இடத்தில் வைத்துவிடுவோம். புதுப் பாதிக்கு இடம் விட்டிருக்கும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அதை மட்டும் நிரப்பினால் போதும். வீட்டில் இரண்டு பேரே வேலை செய்து பண்டிகை ஆர்டரைச் சமாளிக்க முடிவது இந்த ஏற்பாட்டால்தான். கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்கிறவர்கள் தூங்குவதே இல்லை, நான் பார்த்திருக்கிறேன்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். கைப்பிடி வைத்த பிரம்புக் கூடை வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு ரசனை காரணமில்லை, கூரியர் கணக்குதான் காரணம். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து ஒரு கிலோக் கணக்கு எடுப்பார்கள். அதுவா, நிஜ எடையா, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். கைப்பிடிக் கூடையை அட்டைப்பெட்டியில் இறக்கினால் 40 × 30 × 30 ஆகிறது. வகுத்தால் 7.2 கிலோ. உள்ளே இருப்பதோ இரண்டரை கிலோ. மீதிக்கு நாம் காற்றை அனுப்பப் பணம் கட்டுகிறோம். அதே பொருட்களை மூடி போட்ட தட்டையான ஓலைப்பெட்டியில் அடுக்கினால் வெளி அளவு 30 × 25 × 15-க்குள் வந்துவிடுகிறது; வகுத்தால் 2.25 கிலோ. நிஜ எடையும் கிட்டத்தட்ட அதேதான். சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பும்போது இந்த ஒரு மாற்றமே லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிக்கிறது.

பனையோலைப் பெட்டி முடைகிற ஒரு பெரியம்மாவிடம் அளவு சொல்லிச் செய்தோம். பெட்டி ஒரே அளவில் வரவேண்டும் என்பதற்காக, உள்ளே வைத்து முடைய ஓர் அட்டை அச்சு வெட்டிக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அச்சு கெடக்கட்டும் மக்களே, ஓலை நல்லா உணங்கணும். பச்சை ஈரத்தோட முடைஞ்சா பூத்துப் போவும் கேட்டியா” என்றார். ஓலை நன்றாகக் காயாவிட்டால் பூசணம் பிடிக்கும் என்று அவர் சும்மா சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கிறிஸ்துமஸ் பெட்டி முடைய வேண்டிய அக்டோபர், நவம்பரில் வானம் வெளுப்பதே அபூர்வம். பெட்டிகளை ஏப்ரல், மே வெயிலிலேயே முடைந்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வைக்கும்போது பிளாஸ்டிக் உறையில் போடக்கூடாது, உள்ளே ஈரம் அடைந்து கரும்புள்ளி வரும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, தரையில் படாமல் பரணில் வைக்கிறோம். மழை விட்ட நாளில் காலை வெயில் ஒரு மணி நேரம் காட்டுவோம். உச்சி வெயில் ஆகாது, ஓலை முறுகி விளிம்பு வெடிக்கும்.

சாயம் தோய்த்த ஓலை கண்ணைப் பறிக்கும். ஆனால் ஈரக்கை பட்டாலே சிவப்பும் கத்தரிப்பூ நிறமும் இறங்குகிறது. ஈரத்துணியால் ஓலையைத் தேய்த்துப் பார்த்த பிறகு, மூடியின் மேல்பக்கம் மட்டும் ஒரு வரி சாயம், மீதி எல்லாம் வெள்ளோலை என்று வைத்துக்கொண்டோம். உணவு தொடும் பக்கத்தில் சாயமே இல்லை.

அடியில் நிரப்ப எல்லாரும் செய்தித்தாளைக் கசக்கிப் போடுவார்கள். மை உணவில் ஒட்டும் என்பதால் செய்தித்தாளில் உணவு பொதியக்கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறையே சொல்கிறது. தேங்காய் நார் நம் ஊர்ப் பொருள்தானே என்று போட்டுப் பார்த்தால் தூசி உதிர்ந்து பொட்டலங்கள் மேல் படிகிறது. வாழைச்சருகில் பூச்சி வரும். கடைசியில் பழுப்புத் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டிப் போடுகிறோம், கைக்கு வேலை அதிகம் என்றாலும் சுத்தமாக இருக்கிறது. அதற்கு மேல் அட்டைத் தடுப்பு. முட்டை அட்டைப்பெட்டியில் இருக்கிற மாதிரி குறுக்கும் நெடுக்கும் வெட்டிச் செருகிய தடுப்புதான் பொருட்களை இடம்பெயராமல் வைத்திருக்கிறது. க்ளூ கன், டபுள் சைட் டேப் எதுவும் தேவைப்படவில்லை. பசை போட்டு ஒட்டிய தேன் பாட்டிலைப் பிடுங்கி எடுக்கிற வாடிக்கையாளர் மறுபடி வரமாட்டார் என்பது என் எண்ணம்.

அடுக்குவதற்குச் சோதனை எளிது. நிரப்பிய பெட்டியை ஸ்கூட்டரில் வைத்து குலசேகரம் வரை ஒரு சுற்று. நம் சாலைகள் செய்கிற சோதனையை எந்த ஆய்வகமும் செய்யாது. திரும்பி வந்து மூடியைத் திறந்தால் எது எங்கே நகர்ந்தது, எது நொறுங்கியது என்று தெரிந்துவிடும். பாட்டில் நடுவில் நிற்க வேண்டும், ஓரத்தில் நின்றால் பெட்டி சாயும். கருப்பட்டியும் பருப்பும் பாட்டிலைச் சுற்றி. உப்பேரி மேல் தட்டில், அதன் மேல் எந்தக் கனமும் கூடாது. உப்பேரிப் பொட்டலத்தில் கொஞ்சம் காற்று விட்டு ஒட்டினால் அதுவே மெத்தையாகிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் தனிக்கதை உண்டு. தேனில் இருந்து தொடங்குகிறேன். மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பு நேற்று வந்ததில்லை, 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் இங்கே கிராம மறுசீரமைப்புப் பணி நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச், கிராமத்தாருக்கான துணைத்தொழில்களில் ஒன்றாக அதை வளர்த்தெடுத்தார். இன்று இங்கே எடுக்கிற தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டங்களிலிருந்து வருகிறது. மரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும் ஆண்டுத் தொடக்க மாதங்களில், பூவிலிருந்து அல்ல, இலைக்காம்பில் இருக்கும் சுரப்பியிலிருந்து தேனீ எடுக்கிறது. இந்தத் தேன் சீக்கிரம் குருணை கட்டும். டிசம்பர் குளிரில் பாட்டில் அடியில் வெள்ளையாக உறைந்தால், “சீனி கலந்திருக்கு” என்று போன் வரும். அதனால் பாட்டில் கழுத்தில் ஒரு சிறிய அட்டை கட்டுகிறோம்: உறைவது இயல்பு, வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி வைத்தால் இளகும், அடுப்பில் வைக்க வேண்டாம். போன்கள் நின்றன. பாட்டில் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். தேன் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனம். 250 கிராம் தேனுக்கு 180 மில்லி பாட்டிலே போதும். 250 மில்லி பாட்டில் வாங்கினால், ஒன்று அரையும் குறையுமாகத் தெரியும், இல்லாவிட்டால் 350 கிராம் ஊற்றி விலை ஏறும்.

தேன் சங்கதியில் ஓர் எச்சரிக்கை. குழந்தை பார்க்கப் போவதற்கு என்று பெட்டி கேட்பவர்கள் உண்டு, குறிப்பாக, பிறந்த இருபத்தெட்டாம் நாள் குழந்தைக்கு அரைஞாண் கட்டும் இருபத்தெட்டுக் கெட்டுக்கு. அதில் தேன் வைக்கச் சொல்வார்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும். அந்தப் பெட்டியில் தேனுக்குப் பதில் தாய்க்கு உதவுகிற கருப்பட்டியும் சுக்கும் நல்லமிளகும் வைக்கிறோம். சிலர் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

அண்டிப்பருப்பில் முழுப்பருப்புக்கு 180, 210, 240, 320 என்று தரம் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய எத்தனை பருப்பு என்பதுதான் அந்த எண். எண் சிறிதானால் பருப்பு பெரிது, விலையும் பெரிது. 180 வாங்கிப் போட்டால் பெட்டி ராஜா மாதிரி இருக்கும், கணக்கு படுத்துவிடும். 240-ஐ சிறிய ஜன்னல் வைத்த பையில் போட்டால் பார்வைக்கு எடுப்பாகவும் இருக்கிறது, கையும் கடிக்கவில்லை.

கருப்பட்டிதான் மழைக்காலத்தில் படுத்துகிறது. பதநீர் கோடையில் இறங்குவதால், டிசம்பரில் கையில் கிடைப்பது ஏற்கனவே சில மாதம் இருந்த சரக்கு. காற்றில் ஈரம் இருந்தால் உறிஞ்சிக் கசியும். பட்டர் பேப்பரில் சுற்றி, பிறகு ஓலையில் பொதிந்து, ஈரம் உறிஞ்சும் ஒரு சிறு சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் தனி டப்பாவில் போடுகிறோம். சிலிக்கா பொட்டலத்தின் மேல் ‘தின்னக்கூடாது’ என்று தமிழில் நாங்களே எழுதி ஒட்டுகிறோம், ஏனென்றால் வரும்போது ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கிறது. கசிந்த கருப்பட்டியும் உப்பேரியும் ஒரே பக்கம் கிடந்தால் உப்பேரி பதத்துப் போகும். இரண்டுக்கும் நடுவே தடுப்பு கட்டாயம்.

கிராம்பு மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைப் பக்கத்து எஸ்டேட்டுகளில் விளைவது. எண்ணெய்ச் சத்து அதிகம், வாசனை தூக்கும். அந்த வாசனைதான் ஆபத்தும். பாலித்தீன் பையில் போட்டு வைத்தால் ஒரு வாரத்தில் கேக்கும் முந்திரிக்கொத்தும் கிராம்பு மணக்கும். அதனால் இறுக்கமான மூடி உள்ள சின்னக் கண்ணாடிக் குப்பியில் 25 கிராம். இதே காரணத்துக்காக சோப்பு, மெழுகுவர்த்தி, அத்தர் எதையும் உணவோடு சேர்த்து வைக்கச் சொல்லி யார் கேட்டாலும் செய்வதில்லை. தனிப்பெட்டி வேண்டுமானால் தருகிறோம்.

கேக்கில் ஒரு நுணுக்கம். முட்டை சேர்த்த கேக் நம் நாட்டு லேபிள் விதிப்படி அசைவம். பச்சை வட்டம் போட முடியாது, பழுப்பு முக்கோணம் போட வேண்டும். கிறிஸ்துமஸ் காலமும் சபரிமலை மண்டல காலமும் ஒன்றாகவே வருகின்றன. குமரியில் கிறிஸ்தவர் தன் பக்கத்து வீட்டு மாலை போட்ட சாமிக்குப் பரிசு கொடுப்பது சாதாரண விஷயம். அதனால் ஆர்டர் எடுக்கும்போதே “வாங்குகிறவர் விரதமா?” என்று கேட்டுவிடுவோம். ஆம் என்றால் முட்டையில்லாத கேக். இது வியாபாரத் தந்திரமில்லை, இந்த ஊரில் இருக்கிறவர் எல்லாருக்கும் தெரிந்த மரியாதை. ஆனால் பெரிய கடைகள் கேட்பதில்லை என்பதால் எங்களுக்கு ஆர்டர் வருகிறது.

மேலே சுற்றக் கண்ணாடித்தாள் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தடை இருக்கிறது, உணவு பொதிகிற பிளாஸ்டிக் தாளும் அந்தப் பட்டியலில் உண்டு. எது தடைக்குள் வரும், எது வராது என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதைவிட துணிக்கு மாறுவது நிம்மதி. கசவுக் (ஜரிகை) கரை போட்ட சின்ன நேரியல் துணியில் பெட்டியை வைத்து நாலு முனையையும் மேலே முடிச்சுப் போடுகிறோம். பெட்டி தீர்ந்த பிறகும் துணி வீட்டில் இருக்கும். கொஞ்சம் விலை கூடிய பெட்டிக்கு மூடியின் மேல் கையால் பின்னிய லேஸ் வட்டம் ஒன்று வைக்கிறோம். நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரி மனைவிமார் தொடங்கிய லேஸ் பின்னல் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஒரு வட்டத்துக்குப் பல மணி நேரம் போகும்; விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள்.

இனி காகித வேலை. சலிப்பான பகுதி, ஆனால் தவிர்க்க முடியாது. வீட்டில் செய்து, பொட்டலம் போட்டு விற்பதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். நாங்கள் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் எளிய பதிவு போதுமாக இருந்தது, கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாயாக இருந்தது. பெட்டியின் வெளியே எங்கள் பெயர், முகவரி, உள்ளே இருப்பவற்றின் பட்டியலும் நிகர எடையும், கட்டிய தேதி, எல்லா வரியும் சேர்த்த விலை, புகாருக்கான போன் எண். எதுவரை உண்ணலாம் என்ற தேதியாக, உள்ளே முதலில் கெடும் பொருளின் தேதியைத்தான் போடுகிறோம்.

ஜி.எஸ்.டி.யில் ஒரு கொக்கி இருக்கிறது. பல பொருளை ஒரே விலைக்குச் சேர்த்து விற்றால் அது ‘கலப்பு வழங்கல்’. அதில் எந்தப் பொருளுக்கு வரி மிக அதிகமோ அந்த வீதம் மொத்தத்துக்கும் விழும். சட்டத்திலேயே இதற்குக் காட்டியிருக்கும் உதாரணம் இனிப்பு, சாக்லேட், கேக், உலர்பழம், குளிர்பானம் எல்லாம் சேர்ந்த பரிசுப் பொட்டலம்தான். 40 சதவீத வரி உள்ள ஒரு காஸ் பானத்தை அழகுக்காக உள்ளே செருகினால் தேனும் கேக்கும் அந்த வீதத்துக்குப் போய்விடும். பில்லில் தனித்தனி விலை போட்டு, தனியாகவும் வாங்கலாம் என்று வைத்தால் இந்தச் சிக்கல் வராது. ஜி.எஸ்.டி. பதிவு செய்யாத சின்ன வியாபாரிகள் கவனிக்க வேண்டியது கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை. பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பது மாநிலத்துக்குள்தான். எல்லை தாண்டிப் பாறசாலைக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்பி விற்றால் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை, அந்த வரம்பு துணைக்கு வராது. எங்களுக்குப் பாதி ஆர்டர் அந்தப் பக்கம்தான் என்பதால் ஆடிட்டரிடம் போய்ப் பதிவு எடுத்துவிட்டோம்.

விலைக்கணக்கை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். பொருட்கள் 540, பெட்டி 180, துணியும் உள்தடுப்பும் 90, கைக்கூலி 60, உடைசல் சேதாரத்துக்கு 30. ஆக 900. முப்பது சதவீத லாபம் வேண்டும் என்று 900-இல் முப்பது சதவீதம் கூட்டி 1170 என்று போடுகிறவர்கள் அதிகம். 1170-இல் 270 என்பது 23 சதவீதம்தான். விற்பனை விலையில் முப்பது நிற்க வேண்டுமானால் 900-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும், 1286 வரும். தள்ளுபடி கேட்டால் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் இறங்க முடியும். கைக்கூலியைக் கணக்கில் எழுதாமல் விடுவது வீட்டுத்தொழில் செய்யும் பெண்களிடம் அதிகம். “நம்ம வேலைதானே” என்பார்கள். அண்ணியும் அப்படித்தான் சொன்னார். அவரது கூலியை ஒவ்வொரு வாரமும் கையில் கொடுக்க ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சு இல்லை.

மொத்த ஆர்டர் தருகிற அலுவலகங்களிடம் பாதி அட்வான்ஸ் இல்லாமல் ஓலை வெட்டக்கூடச் சொல்வதில்லை. ஒரு நிறுவனம் டிசம்பரில் வாங்கிய பெட்டிக்குப் பணத்தை மாசி மாதம் வரை இழுத்தது. பண்டிகை வியாபாரத்தில் அடுத்த கொள்முதலுக்கான முதல் அதில்தான் இருக்கிறது.

மட்டிப்பழத்தை விட்டுவிட மனமில்லை. ஓணத்துக்கு உள்ளூர் வீடுகளுக்கு மட்டும், கூரியர் இல்லாமல், நாங்களே காலையில் கொண்டுபோய்க் கொடுக்கிற பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம்: உப்பேரி, சர்க்கரைப் புரட்டி (வெல்லப்பாகில் புரட்டிய ஏத்தங்காய்த் துண்டு), ஒரு சீப்பு மட்டி. பழம் பெட்டிக்கு வெளியே, நேரியல் முடிச்சில் தொங்கும். தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை வரைக்கும்தான் ஆர்டர் எடுக்கிறோம். நாகர்கோவிலுக்கு இந்த வருடம் ஆள் கிடைத்தால் பார்க்கலாம்.